பெப்பே இஸ்பெர்ட்டை எந்த வரிசையில் பார்ப்பது? ஸ்பானிய நகைச்சுவைப் படங்களுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஸ்பெயின் நாட்டுப் படங்களைப் பார்க்கத் தொடங்கும் நம்மவர்கள் பெரும்பாலும் 1980களுக்குப் பிந்தைய வண்ணப் படங்களிலேயே கால் வைக்கிறார்கள். அதற்கு ஒரு தலைமுறை முன்னால், சர்வாதிகாரி ஃபிராங்கோவின் தணிக்கை ஒவ்வொரு வசனத்தையும் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த 1950களிலும் 60களின் தொடக்கத்திலும், கறுப்பு வெள்ளையில் ஒரு நகைச்சுவை மரபு வளர்ந்தது. அந்த மரபின் நட்ட நடுவில், குட்டை உடம்பும் தொங்கிய கன்னமும் காலமெல்லாம் தொண்டை கட்டியிருப்பது போன்ற குரலும் கொண்ட ஒரு கிழவர் நிற்கிறார். ஹோசே இஸ்பெர்ட் என்பது அவர் பெயர். ஸ்பெயினில் ஹோசே என்ற பெயருடையவர்களைச் செல்லமாகப் பெப்பே என்று கூப்பிடுவது வழக்கமாகையால், பெப்பே இஸ்பெர்ட் என்றே பலரும் அவரை அறிவார்கள்.

நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் அவர். அத்தனையையும் தேடுவது வீண் வேலை. 1953 முதல் 1963 வரையான பத்தாண்டுகளில் வந்த ஆறு படங்களைச் சரியான வரிசையில் பார்த்தால் போதும். வெளியான ஆண்டு வரிசை அல்ல நான் சொல்வது. ஓரிடத்தில் வேண்டுமென்றே ஆண்டை மாற்றியிருக்கிறேன், காரணத்தை அங்கே சொல்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது: ஒலியைச் சரிபார்த்தல்

படத்தைத் தொடங்குமுன் ஒலித்தடம் ஸ்பானிய மொழியில் இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சிறிய விஷயமென்று தள்ள வேண்டாம். இந்தப் பட்டியலில் உள்ள ‘கலபூச்’, ‘எல் வெர்தூகோ’ இரண்டும் இத்தாலியுடன் சேர்ந்து தயாரிக்கப்பட்டவை; எனவே அவற்றுக்கு இத்தாலிய ஒலியுள்ள பிரதிகளும் உலவுகின்றன. நான் முதன்முதலில் பார்த்த பிரதி அப்படிப்பட்டதுதான். யாரோ ஒரு நல்ல குரல்வளம் கொண்டவர் இஸ்பெர்ட்டுக்குப் பின்னணி பேசியிருந்தார். படம் முடிந்ததும், இந்த மனிதரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்ற சந்தேகத்துடன் எழுந்துபோனேன். அசல் குரலைக் கேட்ட பிறகுதான் புரிந்தது. உப்புத்தாள் தேய்ப்பது போன்ற அந்தக் கரகரப்பில், வாக்கியத்தின் பாதி காற்றிலேயே கரைந்துவிடும். மீதிப் பாதியை அவர் இருமலுக்கும் பெருமூச்சுக்கும் நடுவே எடுத்துக்கொடுப்பார். மொழி தெரியாவிட்டாலும் அந்தக் குரலே பாதி நடிப்பு. ஆங்கிலத் துணைவரிகளுடன் ஸ்பானிய ஒலியில் பார்ப்பதே நமக்கு ஏற்ற வழி.

தேடும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அவருடைய குடும்பப் பெயரின் முதலெழுத்தைச் சில இடங்களில் ‘ஐ’ என்றும் சில இடங்களில் ‘ஒய்’ என்றும் ரோமன் எழுத்தில் எழுதுவார்கள். இரண்டும் ஒரே ஆள்தான்.

இரண்டாவது: வாழ்க்கையில் இரண்டு தேதிகள்

முழு வாழ்க்கை வரலாற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு படத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. 1886 மார்ச் 3ஆம் தேதி மாட்ரிட்டில் பிறந்தார். 1966 நவம்பர் 28ஆம் தேதி அதே நகரில் இறந்தார். இடையில், மாட்ரிட் நாடக மேடைகளில் பல பத்தாண்டுகள் நகைச்சுவை நடிகராக உழைத்தார். பேசும் படம் வந்தபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நாம் கொண்டாடும் வேடங்கள் எல்லாம் அறுபத்தைந்து வயதுக்குப் பிறகு வந்தவை. மேடையில் நெடுங்காலம் பழகியவர் என்பதால், எதிரில் நிற்கும் நடிகர் பேசும்போது தான் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பல காட்சிகளில் அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம்தான் சிரிப்பை வரவழைக்கிறது.

ஒரே ஒரு பழைய செய்தியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும். 1912 நவம்பர் 12ஆம் தேதி ஸ்பெயினின் பிரதமர் ஹோசே கனலேஹாஸ், மாட்ரிட்டின் புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்தில் ஒரு புத்தகக் கடையின் கண்ணாடிக்கு முன் நின்று நூல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையை நடித்துக் காட்டி, இறுதி ஊர்வலத்தின் உண்மைக் காட்சிகளையும் சேர்த்து, அதே ஆண்டில் ஒரு சிறு ஊமைப்படம் எடுத்தார்கள். அதில் கொலையாளி பர்தீஞாஸாக வந்து துப்பாக்கியை நீட்டுபவர் 26 வயது இஸ்பெர்ட். ஸ்பெயின் முழுவதும் தாத்தா என்று கொண்டாடிய நடிகரின் திரை வாழ்க்கை ஒரு கொலையில்தான் தொடங்கியது.

மூன்றாவது: மாடத்தில் நிற்கும் ஊர்த்தலைவர்

பார்க்கத் தொடங்க வேண்டிய படம் 1953இல் லூயிஸ் கார்சியா பெர்லாங்கா இயக்கிய ‘பியென்வெனிதோ, மிஸ்டர் மார்ஷல்’. ‘நல்வரவு, மார்ஷல் அவர்களே’ என்று பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த அமெரிக்கா அளித்த மார்ஷல் திட்ட உதவியில் ஃபிராங்கோவின் ஸ்பெயினுக்கு இடமில்லை என்ற ஒரு செய்தி தெரிந்திருந்தால் படத்தின் வலி உடனே பிடிபடும். வியார் தெல் ரியோ என்ற கற்பனைக் கிராமத்துக்கு அமெரிக்கர்கள் வரப்போகிறார்கள் என்று அரசு அதிகாரிகள் அறிவிக்கிறார்கள். காஸ்தியப் பகுதியைச் சேர்ந்த அந்த வறண்ட ஊர், வெளிநாட்டவர் மனத்தில் பதிந்திருக்கும் ஸ்பெயினைப் போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக, தெற்கத்திய அந்தலூசிய ஊராக வேடம் பூணுகிறது. படப்பிடிப்பு நடந்தது மாட்ரிட்டுக்கு வடக்கே உள்ள குவாதலிக்ஸ் தே லா சியெர்ரா என்ற ஊரில்.

இஸ்பெர்ட் அந்த ஊரின் தலைவர் தோன் பாப்லோ. காது சற்று மந்தம். அவர் நகராட்சி மாடத்திலிருந்து மக்களுக்கு உரையாற்றும் காட்சியை இரண்டு முறை பாருங்கள். ஊர்த்தலைவர் என்ற முறையில் உங்களுக்கு நான் ஒரு விளக்கம் தரக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று தொடங்குகிறார். அடுத்த வாக்கியத்தில் அந்த விளக்கத்தைத் தரப்போவதாகச் சொல்கிறார். அதற்கடுத்ததில் மறுபடி ஊர்த்தலைவர் என்ற முறைக்கே திரும்புகிறார். செக்கு மாடு போலச் சொற்கள் அதே வட்டத்தில் சுற்றுகின்றன. விளக்கம் மட்டும் வருவதில்லை. ஊருக்கு வந்திருக்கும் ஒரு பாடகியின் மேலாளராக நடிக்கும் மனோலோ மோரான், பக்கத்தில் நின்று பொறுக்க மாட்டாமல் இடையில் புகுந்து பேச்சைப் பிடுங்கிக்கொள்கிறார். முதல் முறை பார்க்கும்போது பேச்சைக் கேளுங்கள். இரண்டாம் முறை, பேச்சு கையைவிட்டுப் போன பிறகு இஸ்பெர்ட்டின் முகத்தைப் பாருங்கள். அதில் அவமானம் இல்லை. சுமை இறங்கியவரின் நிம்மதிதான் இருக்கிறது.

இங்கே ஒரு திறவுகோலைத் தருகிறேன், மற்றப் படங்களுக்கும் பயன்படும். ஒவ்வொரு படத்திலும் இந்தக் கிழவர் என்ன கேட்கிறார் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கேட்பது எப்போதும் மிகச் சிறிய ஒன்றாகவே இருக்கும். அதற்குக் கொடுக்கப்படும் விலைதான் படத்துக்குப் படம் ஏறுகிறது. அவருடைய நடிப்பு முறை கடைசி வரை மாறுவதில்லை. சிரிக்க வைக்க வேண்டும் என்ற முயற்சியே தென்படாமல், அந்தச் சிறிய ஆசையை முழு அக்கறையுடன் துரத்துகிறார். இந்தப் படத்தில் ஊர் மக்கள் ஆளுக்கொரு பொருள் கேட்க வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் அமெரிக்கர்களின் கார்கள் நிற்காமலே பறந்துவிட, வேடத்துக்கும் வரவேற்புக்கும் ஆன கடனை அடைக்க அவரவர் வீட்டிலிருப்பதைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். விலை ஒரு ஊரின் சேமிப்பு.

கான் திரைப்பட விழாவில் நகைச்சுவைப் படத்துக்கான பரிசைப் பெற்ற இந்தப் படம், நடுவர் குழுவிலிருந்த அமெரிக்க நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்சனின் கோபத்தையும் சம்பாதித்தது: படத்தின் கடைசியில், வரவேற்பு முடிந்த தெருவில் ஓடும் மழைநீரில் ஒரு சின்ன அமெரிக்கக் கொடி அடித்துச் செல்லப்படுவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

நான்காவது: இளைப்பாற இரண்டு படங்கள்

அடுத்த இரண்டையும் ஒரே வார இறுதியில் பார்த்துவிடலாம். 1955இல் வந்த ‘இஸ்தோரியாஸ் தே லா ராதியோ’ மூன்று வானொலிக் கதைகளின் தொகுப்பு. இஸ்பெர்ட் வருவது முதல் கதையில் மட்டுமே. கண்டுபிடிப்பு ஒன்றைப் பதிவுசெய்யப் பணமில்லாத முதியவராக வந்து, வானொலிப் போட்டியின் பரிசுக்காக எஸ்கிமோ வேடம் போட்டுக்கொண்டு, நாயும் கையுமாக மாட்ரிட் தெருக்களில் ஓடுகிறார். படத்தின் மற்ற பகுதிகள் சுமார்தான். நேரமில்லாதவர்கள் அந்த ஒரு கதையோடு நிறுத்திக்கொண்டால் நட்டமில்லை.

1956இன் ‘கலபூச்’ மீண்டும் பெர்லாங்காவின் படம். அணுகுண்டு வேலையிலிருந்து தப்பி வந்த ஒரு வெளிநாட்டு விஞ்ஞானி மத்தியதரைக் கடலோரச் சிற்றூரில் ஒளிந்துகொள்கிறார். பெஞ்ஞீஸ்கோலா என்ற கோட்டை நகரத்தில் எடுத்தார்கள். அங்கே இஸ்பெர்ட் கலங்கரை விளக்கக் காவலர். ஊர்ப் பாதிரியாருடன் தொலைபேசியிலேயே சதுரங்கம் ஆடுகிறார், ஒருவர் காயை மற்றவர் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் அந்த ஆட்டத்தில் எவ்வளவு சந்தேகத்துக்கு இடமுண்டு என்பதை நீங்களே ஊகிக்கலாம். இங்கே அவர் கேட்பது ஓர் ஆட்டத்தில் வெற்றி. எவருக்கும் சேதமில்லை.

ஐந்தாவது: ஆண்டை மாற்றிப் பார்க்க வேண்டிய படம்

1962இன் ‘லா கிரான் ஃபமீலியா’, அதாவது ‘பெரிய குடும்பம்’, 1960இல் வந்த அடுத்த படத்துக்குப் பிந்தையது. ஆனாலும் முதலில் இதைப் பார்க்கச் சொல்கிறேன். பதினைந்து பிள்ளைகள் உள்ள குடும்பத்தின் கதை. அதிகப் பிள்ளைகள் பெற்றவர்களுக்குப் பரிசு கொடுத்துப் போற்றிய ஆட்சிக்கு இதைவிட ஏற்ற படம் இருந்திருக்க முடியாது. உண்மையைச் சொன்னால், எனக்குப் பல இடங்களில் இனிப்பு திகட்டியது. ஆனால் ஸ்பெயினின் வீடுகளில் இஸ்பெர்ட் தாத்தாவாகவே நிலைத்தது இதனால்தான்.

கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் மாட்ரிட்டின் பிளாசா மயோர் சதுக்கத்தில், கடைகளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே, குடும்பத்தின் சின்னப் பையன் செஞ்சோ தொலைந்துபோகிறான். தாத்தா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அலைகிறார். அந்தக் கரகரத்த குரலால் உரக்கக் கத்த முடியாது. ஒவ்வொரு கூப்பாடும் உடைந்து, சந்தை இரைச்சலுக்குள் மூழ்கிவிடுகிறது. நல்ல குரல் உள்ள நடிகர் செய்திருந்தால் வழக்கமான கண்ணீர்க் காட்சியாகவே போயிருக்கும். ஸ்பெயினில் அந்தப் பெயரை அதே கரகரப்பில் சொல்லிக் காட்டினால் பெரியவர்களுக்கு இன்றும் காட்சி புரியும்.

இந்தத் தாத்தாவின் மேல் உங்களுக்கு அன்பு வந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

ஆறாவது: ‘எல் கோச்செசீத்தோ’, இரண்டு முடிவுகளோடு

‘சின்ன வண்டி’ என்று பொருள்படும் இந்த 1960ஆம் ஆண்டுப் படத்தை இயக்கியவர் இத்தாலியரான மார்கோ ஃபெரேரி. எழுதியவர் ரஃபாயேல் அஸ்கோனா. ஸ்பெயினின் கறுப்பு நகைச்சுவையைப் பற்றி யார் பேசினாலும் அஸ்கோனாவின் பெயர் வராமல் இருக்காது. தோன் அன்செல்மோ ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மனைவியை இழந்தவர், வழக்கறிஞரான மகனின் வீட்டில், ஒரு மூலையில், எவருக்கும் வேண்டாதவராக இருக்கிறார். கால் விளங்காத நண்பர் ஒருவர் மோட்டார் பொருத்திய மூன்று சக்கர வண்டி வாங்குகிறார். அதே போன்ற வண்டி வைத்திருப்பவர்கள் கூட்டாகச் சுற்றுலா போகிறார்கள், சேர்ந்து உண்கிறார்கள், ஒருவரையொருவர் கிண்டல் செய்கிறார்கள். அன்செல்மோவின் இரு கால்களும் நன்றாக இருக்கின்றன. அதுதான் அவருடைய துயரம்.

கால் நடக்க முடியவில்லை என்று நடிக்கிறார். இறந்த மனைவியின் நகைகளை விற்று வண்டியை வாங்குகிறார். மகன் அதைத் திருப்பிக் கொடுக்க வைத்து, முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவதாகவும் மிரட்டுகிறான். கிழவர் வீட்டுச் சமையலில் விஷத்தைக் கலந்துவிட்டு வண்டியோடு புறப்பட்டுவிடுகிறார். ஸ்பெயினில் வெளியான பிரதியில், தணிக்கையின் நெருக்கடியால், அவர் மனம் மாறித் தொலைபேசியில் வீட்டாரை எச்சரிப்பதாக முடிவை மாற்றினார்கள். ஃபெரேரியின் அசல் முடிவில் அந்த அழைப்பு இல்லை. முடிந்தால் இரண்டையும் பாருங்கள். ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் அது எந்த முடிவு என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

கவனிக்க வேண்டியது, விஷம் கலக்கும்போதும் இஸ்பெர்ட் வில்லனாகவில்லை என்பதே. சந்தையில் பேரனைத் தேடிய அதே அவசரம், அதே மூச்சிரைப்பு. சாலையில் அவரைப் பிடித்த காவலர்களிடம் கடைசியாக அவர் கேட்பது, சிறையில் வண்டியை வைத்துக்கொள்ள விடுவார்களா என்று. வீட்டில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. நான் அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்; பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்கவில்லை, அவர்கள் தாத்தாவை முந்தைய படத்தில் பார்த்துவிட்டு வராதவர்கள்.

ஏழாவது: ‘எல் வெர்தூகோ’

இதை எக்காரணம் கொண்டும் முதலில் பார்க்காதீர்கள். வெர்தூகோ என்றால் மரண தண்டனையை நிறைவேற்றும் அரசு ஊழியர். தமிழ்நாட்டு வழக்கில் தூக்குப் போடுபவர் என்று சொன்னால் பொருந்தாது, ஏனென்றால் ஸ்பெயினில் அப்போது பயன்பட்டது கயிறு அல்ல, கழுத்தைச் சுற்றி இரும்புப் பட்டையைப் பூட்டித் திருகால் இறுக்கும் கருவி. இலங்கைத் தமிழில் உள்ள ‘அலுகோசு’ என்ற சொல் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதுவும் ஸ்பெயினின் அண்டை மொழியான போர்த்துக்கீசியத்திலிருந்து கடல் தாண்டி வந்த சொல்தான்.

1963இல் பெர்லாங்கா இயக்க, அஸ்கோனா சேர்ந்து எழுதிய படம். கதைக்கு விதையாக அமைந்தது பெர்லாங்காவின் காதுக்கு வந்த ஒரு செய்தி: 1959இல் வலென்சியாவில் ஒரு பெண்ணுக்கு மரண தண்டனை நிறைவேற்றியபோது, தண்டனை பெற்றவளைவிட அலுகோசுவைத்தான் அதிகமாகத் தேற்றி இழுத்துச் செல்ல வேண்டியிருந்ததாம். படத்தில் இஸ்பெர்ட் அமதேயோ, ஓய்வு பெறும் வயதிலுள்ள அலுகோசு. மகள் கார்மெனுக்கும், சவ அடக்க நிறுவனத்தில் வேலை செய்யும் ஹோசே லூயிசுக்கும் திருமணம் ஆகிறது. அரசு ஊழியருக்கான புதிய குடியிருப்பில் அமதேயோவுக்கு ஒரு வீடு கிடைக்கவிருக்கிறது. ஆனால் அவர் ஓய்வு பெற்றால் வீடு கைநழுவும். மருமகன் அந்த வேலைக்கு விண்ணப்பித்துவிட்டால் போதும், யாரையும் கொல்ல வேண்டிய நிலை வரவே வராது என்று மாமனார் பொறுமையாக எடுத்துச் சொல்கிறார்.

தொடக்கக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சிறைக்குள் வேலையை முடித்துவிட்டு வெளியே வரும் அமதேயோ, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் காவலரின் மேசைமேல் தன் கறுப்புப் பையை வைக்கிறார். காவலருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பை எதற்கு அவரை உறுத்துகிறது என்று அமதேயோவுக்கு விளங்கவில்லை. கொத்தனார் கரணையை வைப்பது போலத்தான் அவர் வைத்தார். பிறகு வீட்டில், மின்சார நாற்காலி ஆளைக் கருக்கிவிடுகிறது, நம் நாட்டு முறைதான் மனிதத்தன்மை உள்ளது என்று அவர் விளக்கும்போதும், தன் தொழிலின் தரத்தைப் பற்றிப் பேசும் ஒரு நல்ல பொற்கொல்லரின் தொனி. முகத்தைச் சுளிக்காமல், கண்ணைச் சிமிட்டிப் பார்வையாளரோடு கூட்டுச் சேராமல், 77 வயது நடிகர் ஒருவர் இதைச் செய்கிறார். 1912இல் துப்பாக்கியை நீட்டிய அந்த இளைஞன் இங்கே வந்து சேர்ந்திருக்கிறான். கிழவர் கேட்பது இந்த முறையும் சின்னதுதான், குடியிருக்க ஒரு வீடு. விலையாகப் போவது முன்பின் தெரியாத ஒருவனின் கழுத்து.

பெரிய வெள்ளை மண்டபத்தைக் கடந்து மருமகன் இழுத்துச் செல்லப்படும் காட்சி புகழ்பெற்றது. அதில் இஸ்பெர்ட் இல்லை. அவருக்குரிய இடம் அதற்குப் பின்னால், மயோர்க்கா தீவின் துறைமுகத்தில். இனிமேல் இதைச் செய்யவே மாட்டேன் என்று நொறுங்கிப்போய்ச் சொல்லும் மருமகனிடம், கையில் பேரக்குழந்தையை வைத்திருக்கும் அமதேயோ, தானும் முதல் முறை அதையேதான் சொன்னதாகச் சொல்கிறார். குரலில் கேலி இல்லை, ஆறுதல்தான் இருக்கிறது.

வெனிஸ் விழாவில் திரை விமர்சகர்களின் பரிசை இந்தப் படம் பெற்றபோது, ரோமிலிருந்த ஸ்பானியத் தூதர் இது ஸ்பெயினுக்கு எதிரான அவதூறு என்று தன் அரசுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் மாட்ரிட்டில் இரண்டு அராஜகவாதிகளை அந்தக் கருவியால் கொன்றிருந்தார்கள். அது கடைசியாகப் பயன்பட்டது 1974 மார்ச்சில்.

இதற்கு மேல்

இன்னும் பசி இருந்தால், 1957இன் ‘லோஸ் ஹுவேவெஸ், மிலாக்ரோ’ இருக்கிறது: படுத்துப்போன ஒரு நீரூற்று ஊருக்குக் கூட்டம் சேர்க்க, சிலையைப் போன்ற முகம் என்பதால் இஸ்பெர்ட்டைப் புனிதராக வேடமிட்டு வியாழக்கிழமைதோறும் காட்சி தர வைக்கிறார்கள். பிற்பாதியில் பிறர் கை புகுந்து குலைத்த படம், முற்பாதிக்காகப் பார்க்கலாம். அவருடைய மகள் மரியா இஸ்பெர்ட்டும் நடிகைதான். லூயிஸ் புன்யுவேலின் ‘விரிதியானா’வில் வரும் பிச்சைக்காரக் கூட்டத்தில் அவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

கடைசி மூன்று படங்களிலும் ஓரமாக ஒரு வழுக்கைத் தலை இளையவர் வந்து போவதைக் கவனித்திருப்பீர்கள்: ‘எல் கோச்செசீத்தோ’வில் அல்வாரித்தோ, ‘பெரிய குடும்ப’த்தில் ஞானத்தந்தை, ‘எல் வெர்தூகோ’வில் மருமகனின் அண்ணன். அவர் ஹோசே லூயிஸ் லோபெஸ் வாஸ்கெஸ், 1922இல் பிறந்தவர், இஸ்பெர்ட்டுக்குப் பின் அந்த மரபைச் சுமந்தவர். அவரிடம் தொடங்க 1972இல் ஸ்பானியத் தொலைக்காட்சிக்காக அந்தோனியோ மெர்செரோ எடுத்த ‘லா கபீனா’ போதும். 35 நிமிடப் படம். தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்த ஒருவருக்குக் கதவு திறக்கவில்லை. வசனம் மிகக் குறைவு என்பதால் துணைவரிகூடத் தேவைப்படாது.